அடியும் முடியும் காணாத சட்டகம்: அகலத்திரைப் படங்களின் வெட்டும் கறுப்புப் பட்டையின் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

அகலத்திரைக்கென எடுக்கப்பட்ட திரைப்படங்கள் வீட்டுத்திரைக்கு வரும்போது ஓரங்கள் வெட்டப்பெற்றுத் திரை நிறையக் காட்டப்படுகின்றன; அல்லது மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு முழுமையாகக் காட்டப்படுகின்றன. இவற்றுள் எது தக்கது என்பது பெரும்பாலும் பார்வையாளரின் வசதி பற்றிய வினாவாகவே பேசப்பட்டுவருகிறது. இக்கட்டுரை அதனைப் பதிப்பு நெறி பற்றிய வினாவாக அணுகுகிறது. ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’, ‘ராஜ ராஜ சோழன்’ ஆகிய இரு படங்களின் சட்டகங்களை முன்னிறுத்தி, வெட்டு என்பது அறிவிக்கப்படாத பாட நீக்கம் என வாதிடுகிறது. திரைப்பட ஆய்வேடுகள் எந்தப் படியைப் பார்த்து எழுதப்படுகின்றன என்ற சிக்கலையும் எழுப்புகிறது.

குறிச்சொற்கள்: சட்டக விகிதம், சினிமாஸ்கோப், கறுப்புப் பட்டை, பதிப்பு நெறி, ஏ.பி. நாகராஜன்

முன்னுரை

1973இல் வெளிவந்த ‘ராஜ ராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஜி. உமாபதி தயாரிக்க, ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்தது. அதற்கு எட்டாண்டுகள் முன்னர் அதே இயக்குநர் அதே நடிகரைச் சிவபெருமானாக்கி எடுத்த ‘திருவிளையாடல்’ (1965) பழைய, சதுரத்தை அண்டிய சட்டகத்தில் அமைந்தது. முன்னதன் அகலம் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கொள்ளாது. பின்னதோ 2012 செப்டம்பரில் எண்ணிம வடிவம் பெற்றுச் சினிமாஸ்கோப்பாகத் திரையரங்குகளுக்கு வந்தது. அகலமாக எடுத்ததை வீட்டுக்காகக் குறுக்க வேண்டியிருக்கிறது. உயரமாக எடுத்ததை அரங்குக்காக அகலமாக்க வேண்டியிருக்கிறது. ஓர் இயக்குநரின் இரண்டு படங்களும் இரு எதிர்த் திசைகளில் ஒரே ஆபத்துக்கு உள்ளாகியிருப்பது தமிழ்த் திரைப்பட ஆய்வில் போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினா எனக்குக் கோட்பாட்டின் வழியாக எழுந்ததன்று. ஆய்வேட்டின் ஓரியலுக்காக 1980களின் அகலத்திரைப் படமொன்றைத் தொலைக்காட்சியில் பதிவான படி ஒன்றைக் கொண்டு படித்துவந்தேன். கதைத்தலைவி அடுக்களையில் நின்று தனக்குத்தானே பேசும் காட்சி அது. சட்டகம் அவளைச் சுவரோடு நெருக்கித் தனிமைப்படுத்துகிறது என்று இரண்டு பக்கங்கள் எழுதினேன். பின்னர் கறுப்புப் பட்டைகளோடு கூடிய முழுப்படி கிடைத்தது. இடது ஓரத்தில் மாமியார் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலைவி தனியாகவும் இல்லை. தனக்குத்தானே பேசவும் இல்லை. ஒருவர் காதில் விழட்டும் என்று பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கங்களும் வீணாயின. அவ்வியல் இன்னும் முடிவுறாமையால் படத்தின் பெயரை இங்குத் தவிர்க்கிறேன்.

அகலம் வந்த வழி

பேசும்பட காலத்தில் நிலைபெற்ற சட்டக விகிதம் 1.37:1. தொலைக்காட்சி அதனை ஒட்டி 4:3 (1.33:1) என்னும் வடிவத்தை ஏற்றது. 1950களில் அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பரவி அரங்குகளில் கூட்டம் குறைந்தபோது, வீட்டுப்பெட்டியால் தர இயலாததைத் தர வேண்டிய கட்டாயம் படநிறுவனங்களுக்கு ஏற்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி கிரேத்தியன் உருவாக்கிய, காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து திரையிடும்போது மீண்டும் விரிக்கும் அனமார்ஃபிக் வில்லையைக் கொண்டு, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 1953இல் ‘தி ரோப்’ என்னும் முதல் சினிமாஸ்கோப் படத்தை வெளியிட்டது. தொடக்கத்தில் 2.55:1 ஆக இருந்த விகிதம் பின்னர் 2.35:1 ஆயிற்று. இந்தியாவில் முதல் சினிமாஸ்கோப் படம் குருதத்தின் ‘காகஸ் கே பூல்’ (1959), ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி.

தொலைக்காட்சியை வெல்வதற்காகப் பிறந்த வடிவம் சில ஆண்டுகளிலேயே தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டது. 1961 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொடங்கிய சனிக்கிழமைத் திரைப்பட நிகழ்ச்சியில் முதலில் ஒளிபரப்பானது ‘ஹௌ டு மேரி எ மில்லியனேர்’ (1953) என்னும் சினிமாஸ்கோப் படம். மரிலின் மன்றோ, பெட்டி கிரேபிள், லாரன் பகால் என மூன்று நாயகியர் அகலத்திரையில் அருகருகே வீற்றிருப்பதே அப்படத்தின் கவர்ச்சி. 4:3 பெட்டியில் மூவரையும் இடைவெளி விட்டு அமர்த்த இடமில்லை.

கணக்கு எளிது. 2.35:1 படத்தைக் கொண்டு 4:3 திரையை நிரப்பினால் அகலத்தில் ஏறத்தாழ 43 விழுக்காடு போகும். வெட்டாமல் காட்டினால் திரையின் உயரத்தில் அதே 43 விழுக்காடு கறுப்பாகும். இன்றைய 16:9 திரையில் இவ்வெண் 24 ஆகக் குறைகிறது. இரண்டு வழிகளிலும் எண் ஒன்றே. இழக்கும் பொருளே வேறு. வெட்டினால் படம் இழக்கிறது. பட்டையிட்டால் பெட்டி இழக்கிறது. பணம் கொடுத்து வாங்கியது பெட்டியை ஆதலால் பெட்டியின் இழப்பே கண்ணில் படுகிறது. கறுப்புப் பட்டை எதையோ மறைக்கிறது என்று பலர் நம்புவதன் காரணமும் இதுவே. மறைக்கப்படாத ஒன்றை மறைக்கப்பட்டதாகவும், வெட்டப்பட்டதை முழுமையானதாகவும் காணும் இப்பிழைக்காட்சியில்தான் வெட்டின் வெற்றி அடங்கியிருக்கிறது.

பட்டையை வெறுத்தவர்களை எள்ளி நகையாடுவது நேர்மையாகாது. 21 அங்குலப் பெட்டியின் திரை உயரம் ஏறத்தாழப் பன்னிரண்டரை அங்குலம். அதில் சினிமாஸ்கோப் படத்தை முழுதாகக் காட்டினால் படத்தின் உயரம் ஏழங்குலத்தைச் சற்றே தாண்டும். கூடத்தில் பத்துப்பேர் அமர்ந்து பார்க்கையில் அந்த ஏழங்குலத்தில் நடிகரின் கண் எங்கே தெரியும்? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிய பின்னர் ஞாயிறு மாலைப் படத்துக்காக ஒரே வீட்டில் தெருவே கூடிய காலத்தை நினைத்தால், முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற விருப்பம் நியாயமானது என்றே கொள்ள வேண்டும். ஆனால் 55 அங்குலத் திரையில் அதே படம் இருபது அங்குல உயரம் நிற்கிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது.

வெட்டு செய்யும் வேலை

வெட்டு என்பது ஓரத்தை நீக்குவதோடு முடிவதில்லை. முக்கியமான இருவர் சட்டகத்தின் இரு முனைகளில் நின்றால் எவரைக் காட்டுவது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அவ்வாறு சட்டகத்துக்குள் சட்டகத்தை நகர்த்தும் முறைக்கே பான் அண்ட் ஸ்கேன் என்று பெயர். அம்முடிவைச் செய்பவர் இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ அல்லர். படச்சுருளை ஒளிநாடாவுக்கு மாற்றும் கருவியின் முன் அமர்ந்திருக்கும் ஊழியர். அவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஒருவரிடமே நின்றுவிடலாம். ஒருவரிடமிருந்து மற்றவரிடம் நகரலாம். அப்போது ஒளிப்பதிவாளர் அசைக்காத கேமரா அசைகிறது. அல்லது தாவலாம், அப்போது படத்தொகுப்பாளர் வெட்டாத இடத்தில் ஒரு வெட்டு விழுகிறது. பழைய ஒளிநாடாக்களில் பெயர்கள் ஓடும்வரை முகங்கள் நெருக்கப்பட்டு நீண்டு மெலிந்து தெரிவதையும், பெயர்கள் முடிந்த கணத்தில் படம் இயல்பாகி ஓரங்கள் காணாமற்போவதையும் பார்த்திருக்கலாம். பெயர்கள் முழுதும் தெரிய வேண்டும் என்பதில் இருந்த அக்கறை, அப்பெயருக்குரியோர் அமைத்த காட்சியின்மீது இருக்கவில்லை.

‘காகஸ் கே பூல்’ படத்தின் புகழ்பெற்ற பாடற்காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆளற்ற படப்பிடிப்புத் தளம். மேலிருந்து சாய்ந்திறங்கும் ஒளிக்கற்றை. ஒருவரையொருவர் நெருங்க இயலாத இருவர். கண்ணாடிகளைக் கொண்டு சூரிய ஒளியை உள்ளே திருப்பி மூர்த்தி அந்த ஒளியை உண்டாக்கினார். ஓரிடத்தில் இருவரின் நிழலுருக்கள் உடலைவிட்டுப் பிரிந்து நடந்து ஒளிக்குள் சந்திக்கின்றன. உடல்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இக்காட்சியின் பொருள் அவ்விருவரும் அல்லர். அவர்களுக்கு இடைப்பட்ட வெளி. இதனை 4:3 ஆக்க முற்படும் ஊழியர் எதைத் தேர்ந்தாலும் அவ்வெளியை இழக்கிறார். ஒருவரைக் காட்டினால் அது தனிமையாகிறது. இருவருக்கும் இடையே தாவினால் அது உரையாடலாகிறது. நடுவில் நின்றால் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. கதை புரிவதில் தடையேதும் இராது என்பதே இதிலுள்ள இடர். கதை புரிந்துவிட்டால் எதையோ இழந்தோம் என்ற ஐயமே எழுவதில்லை.

அடியும் முடியும்

இனி எதிர்த்திசை. 1.37:1 படத்தைக் கொண்டு 2.35:1 திரையை நிரப்ப இரண்டே வழிகள்: மேலும் கீழும் வெட்டுவது, அல்லது பக்கவாட்டில் இழுப்பது. இரண்டையும் சிறிது சிறிது கலக்கலாம். வெட்டு மட்டுமே என்றால் உயரத்தில் ஏறத்தாழ 42 விழுக்காடு போகும். அகலத்தைக் குறுக்குவதில் நேரும் இழப்புக்கு இது ஏறக்குறையச் சமம்.

இவ்விழப்பு எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவில் நேர்வதன்று. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றவர். அவருடைய புராணப் படங்களில் மேடையின் கண் தொடர்கிறது: பாத்திரம் பார்வையாளரை நோக்கித் தலைமுதல் கால்வரை நிற்கும், பேச்சைப் போலவே நிற்கும் நிலையும் நடிப்பாகும். சிவாஜி கணேசனின் நடையும் நிலையும் இக்கண்ணோட்டத்தை நம்பியே இயங்குகின்றன. ‘திருவிளையாடல்’ நாயகனோ சிவன். அவனுடைய அடையாளங்கள் உடலின் இரு முனைகளில் இருக்கின்றன. மேலே சடையும் பிறையும் கங்கையும், கீழே திருவடி. நம் இலக்கிய மரபில் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று ஓர் உருவை முனைக்கு முனை வருணிக்கும் முறை உண்டு. உயரமான சட்டகம் அம்மரபுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. அதன் மேலும் கீழும் கை வைத்தால் நாம் திருமாலும் பிரமனும் பட்ட பாட்டைப் படுகிறோம். அவர்களாவது தேடினார்கள்.

பாணபத்திரருக்காகச் சிவன் விறகுவெட்டியாக வந்து பாடி ஹேமநாத பாகவதரை வெல்லும் பகுதியில், பாடுபவரும் கருவி இசைப்பவர்களும் எல்லாம் சிவாஜியே ஆகி ஒரே சட்டகத்துக்குள் தோன்றுவது படத்தின் உச்சங்களில் ஒன்று. தந்திரக்காட்சி முறையில் ஒரே சட்டகத்தைப் பகுதி பகுதியாக நிரப்பி உருவாக்கும் இத்தகைய காட்சியில் சட்டகத்தின் ஒவ்வோர் அங்குலமும் கணக்கிட்டு ஒதுக்கப்பட்டதாகும். ஓரத்தைக் குறைப்பது அக்கணக்கையே கலைப்பது. புதுப்பித்துத் திரையிட்டவர்களின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஒரு புதிய தலைமுறை அப்படத்தை அரங்கில் காண அவர்களே காரணம். இரு பக்கமும் கறுப்பு விட்டுப் பழைய சட்டகத்திலேயே காட்டினால் “இது பழைய படம்” என்று பார்வையாளர் ஒதுக்குவர் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். பழைய படத்தைக் காணத்தான் வந்திருக்கிறார்கள் என்பதை அந்த அச்சம் மறந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று இது. 2021இல் நெட்ஃப்ளிக்ஸ் தளத்துக்கு வந்த ‘சைன்ஃபெல்ட்’ தொடர் 4:3இலிருந்து 16:9 ஆக வெட்டப்பட்டிருந்தது. சாலைக்குழி ஒன்றைப் பற்றிய அத்தியாயத்தில், பாத்திரங்கள் சுட்டிப் பேசும் குழியே சட்டகத்தின் கீழே போய்விட்டது. 2019இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் பழைய அத்தியாயங்களும் அவ்வாறே வந்தன. மூன்று வகை பீர் எனப் பெயரிட்ட மூன்று தொட்டிகளுக்கும் மேலே ஒரே குழாய் செல்வதுதான் ஒரு காட்சியின் நகைச்சுவை. அக்குழாய் வெட்டில் போயிற்று. எதிர்ப்பு எழவே மறு ஆண்டில் மூலச்சட்டகத்தில் பார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது. நகைச்சுவை கெட்டால் உடனே தெரிகிறது. அழகோ துயரமோ கெட்டால் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை.

தாளின் ஓரம்

வெண்பாவின் ஈற்றடி முச்சீரால் ஆனது. அச்சிடும்போது அவ்வடியின் வலப்பக்கம் வெற்றிடம் விழும். பத்தி சதுரமாக நிரம்ப வேண்டும் என்பதற்காக நான்காம் சீரொன்றைச் சேர்ப்பாரும் இல்லை. மற்ற மூன்றடிகளிலும் ஒவ்வொரு சீரைக் குறைப்பாரும் இல்லை. தாள் பாடலுக்காக இருக்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை. திரை படத்துக்காக இருக்கிறது என்பதில் மட்டும் ஐயம் ஏன்?

தமிழ்ப் பதிப்பு வரலாறு இவ்விடத்தில் ஓர் அளவுகோலைத் தருகிறது. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் இல்லை. கிடைக்கவில்லை என்பதற்காக எண்களை நெருக்கித் தொகையைச் சீராக்கிவிடவில்லை. இடம் காலியாகவே நிற்கிறது. சிதைந்த அடிகளுக்குப் புள்ளியிடுவதும் பாடவேறுபாடுகளைக் குறிப்பிற் காட்டுவதும் இந்நெறியின் பகுதிகள். சிதைவு பதிப்பாசிரியரின் குற்றமன்று. சிதைவை மறைப்பதே குற்றம். இவ்வளவுகோலால் அளந்தால், ஓரம் வெட்டப்பட்ட படி புள்ளியிடாத சிதைவு. கறுப்புப் பட்டையோ சிதைவே அன்று. பாடல் முடிந்த பின் தாளில் எஞ்சும் ஓரம்.

பார்வையாளர் தம் கையிலுள்ள கருவியில் படத்தைப் பெரிதாக்கிக்கொள்வதை இதனோடு குழப்பலாகாது. கைபேசியில் இரு விரலால் படத்தை விரித்து ஓரங்களை வெளியே தள்ளுகிறவர், நூலை மடித்துப் படிப்பவரைப் போன்றவர். விரும்பும்போது மடிப்பை நீக்கலாம். வெட்டி வெளியிடுபவர் மடிக்கவில்லை, கிழித்திருக்கிறார்.

ஆசிரியரே வெட்டும்போது

இவ்வாதத்தைச் சிக்கலாக்கும் சான்றுகளும் உள. ‘அபோகலிப்ஸ் நௌ’ (1979) படத்தின் ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டோராரோ, அரங்குக்கும் வீட்டுக்கும் பொதுவாக 2:1 விகிதமே இருத்தல் வேண்டும் என்று கருதி, தாம் அகலத்திரைக்கு எடுத்த அப்படத்தைக் குறுந்தகட்டு வெளியீட்டில் அவ்விகிதத்துக்கு வெட்டச் செய்தார். மறுபுறம், வூடி ஆலன் ‘மான்ஹாட்டன்’ (1979) படத்தின் வீட்டு ஒளிநாடாவும் முழு அகலத்திலேயே வர வேண்டும் என்று வற்புறுத்திப் பெற்றார். பட்டைகளை மக்கள் பழகியிராத காலம் அது. எடுத்தவரே வெட்டலாமா என்பதற்கு நம் மரபில் விடை உண்டு: ஆசிரியர் திருத்திய இரண்டாம் பதிப்பு செல்லும், ஆனால் அது இரண்டாம் பதிப்பு என்றே அழைக்கப்பட வேண்டும். ஸ்டோராரோவின் படியைக் கண்டு 1979ஆம் ஆண்டுச் சட்டகத்தைப் பற்றி எழுதுதல் பிழை.

ஆசிரியர் யார் என்பதே தெளிவற்ற இடத்தில் சிக்கல் மிகுகிறது. ‘த்ரீ டேஸ் ஆஃப் தி கான்டார்’ படத்தை ஓரம் வெட்டி ஒளிபரப்பியதற்காக இயக்குநர் சிட்னி பொலாக் டென்மார்க்கின் அரசுத் தொலைக்காட்சிமீது வழக்குத் தொடுத்தார். அத்தகைய வெட்டு படைப்பைச் சிதைப்பதே என்று 1997இல் நீதிமன்றம் கூறியது. ஆயினும் வழக்கின் நுட்பக் காரணத்தால் அவர் வெல்லவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பிரிவு 57, படைப்பு சிதைக்கப்படுவதைத் தடுக்கும் சிறப்புரிமையை ‘ஆசிரியருக்கு’ வழங்குகிறது. ஆனால் அச்சட்டத்தின்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். நாவலை எழுதியவர் அதன் சிதைவுக்கு எதிராக நீதிமன்றம் செல்லலாம். சட்டகத்தை அமைத்த இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் அவ்வாயில் சட்டத்தின் சொற்களில் இல்லை. படத்தை வெட்டி விற்க விரும்புபவரும் அதைத் தடுக்க உரிமை பெற்றவரும் பல வேளைகளில் ஒருவரே.

ஆய்வேட்டின் படி

சட்டம் தராத காப்பை ஆய்வுலகம் ஓரளவேனும் தர இயலும். சங்கப் பாடலொன்றை மேற்கோள் காட்டும் மாணவர் எந்தப் பதிப்பு என்று குறிக்காவிடில் வாய்மொழித் தேர்விலேயே வினா எழும். திரைப்படம் குறித்த ஆய்வேடுகளிலோ படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர் ஆகியவற்றோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. தொலைக்காட்சிப் பதிவா, குறுந்தகடா, இணையப் படியா, திரையரங்கப் படியா என்பதில்லை, விகிதமும் இல்லை, ஓடும் நேரமும் இல்லை. இக்குறிப்புகள் இல்லாத நிலையில் “அண்மைக் காட்சி”, “நெருக்கமான சட்டகம்”, “கேமரா மெல்ல நகர்கிறது” போன்ற தொடர்கள் இயக்குநரைப் பற்றியவையா, படமாற்று நிலைய ஊழியரைப் பற்றியவையா என்று படிப்பவர் அறிய வழியில்லை. என் ஆய்வேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் நான் கண்ட படியின் விகிதத்தைப் பின்னிணைப்பில் சேர்த்துவருகிறேன். திரையை நிறுத்தி அளவுகோல் வைத்து அகலத்தை உயரத்தால் வகுத்தால் போதும். படமொன்றுக்கு இரண்டு நிமிடம் ஆகிறது.

முழுச்சட்டகம் எங்கும் எஞ்சாமல் வெட்டுண்ட ஒளிநாடா மட்டுமே கிடைக்கும் படங்களும் உண்டு. அவற்றை ஆராயாமல் விடுவது தீர்வாகாது. கதை, உரையாடல், இசை, நடிப்பு ஆகியவை குறித்து எழுதத் தடையில்லை. காட்சியமைப்பைப் பற்றி எழுத நேரும்போது, காணும் சட்டகம் மூலச்சட்டகத்தில் எத்தனை விழுக்காடு என்பதை அவ்விடத்திலேயே குறித்துவிட்டு, ஓரத்தில் யார் நின்றிருக்கக்கூடும் என்ற கேள்விக்கு இடம் விட்டு எழுதலாம். அடுக்களைக் காட்சி பற்றிய என் இயலை இப்போது அவ்வாறுதான் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்; பழைய இரண்டு பக்கங்களை நீக்காமல், எந்தப் படியைப் பார்த்து எழுதியவை என்ற குறிப்போடு அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.